மேடையில் தீப்பொறி: குமரி மாவட்ட விழாக் கமிட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மன் கொடை, பங்குத் திருவிழா, கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷன் என்று எதுவானாலும் இப்போது மேடையில் "பொறி பறக்கணும்" என்கிறார்கள். லைட், சவுண்ட் வேலை எடுக்கும் எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து ஆடிட்டோரியங்களையும் குளச்சல் போன்ற கடலோர ஊர்களின் திறந்தவெளிப் பந்தல்களையும் மனதில் வைத்து எழுதியது. வெடிமருந்தை மின்சாரத்தில் பற்றவைக்கும் சர்க்யூட் படம் தேடி வந்திருந்தால், அது இங்கே கிடையாது. ஏன் கிடையாது என்பது ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது.

1. ஸ்பார்க் இயந்திரத்தைக் கோல்டு பைரோ, அதாவது குளிர்ந்த பொறி என்கிறார்களே, அது உண்மையிலேயே சுடாதா?

சுடும். அந்தப் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. இயந்திரத்துக்குள் டைட்டானியம், சிர்கோனியம் கலந்த உலோகத்துகள் இருக்கும். சிறு ஹீட்டர் அதைச் சூடாக்க, விசிறி அதை மேலே ஊதித் தள்ளுகிறது. காற்றில் எரிந்துகொண்டே போவதுதான் நாம் பார்க்கும் பொறி. துகள் மிகச் சின்னது என்பதால் மேலே போய்த் திரும்பி விழுவதற்குள் வெப்பத்தை இழந்துவிடுகிறது. ஆகவே மேலிருந்து விழும் பொறியில் கை வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விளம்பர வீடியோக்களில் கை வைத்துக் காட்டுவதும் அந்த இடத்தில்தான். பொறி கிளம்பும் இயந்திர வாய்ப்பக்கம் கை கொண்டுபோனால் தோல் போய்விடும்.

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் இயந்திரத்தின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். வளையத்தைச் சுற்றி சாம்பல் நிறத்தில் பொருக்கு படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் அடுத்த விழாவுக்கு எடுத்துப்போனால் பொறி நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சாயும். அந்தப் பக்கம் மணமகளின் நெட் (தலையிலிருந்து தொங்கும் முக்காடு) இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் நெட் எரிந்து உருகித் தோலோடு ஒட்டும் வகை. நம் ஊர் கிறிஸ்தவக் கல்யாணங்களில் நெட் தரை வரை நீண்டு கிடப்பதால், மணமக்கள் நுழையும் பாதையை ஒட்டி இயந்திரம் வைக்கச் சொன்னால் நாங்கள் மறுத்துவிடுவோம். மணமக்கள் மேடையேறி நின்ற பிறகு, அவர்களுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம்.

2. மண்டபத்தில் இருக்கும் பிளக்கிலேயே நாலு இயந்திரத்தையும் மாட்டலாமா?

ஆடிட்டோரியச் சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. ஸ்பார்க் இயந்திரம் ஒன்று சுமார் 600 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் மாறும், பின்பக்க லேபிளைப் பாருங்கள். நாலும் சேர்ந்தால் 2400 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் பத்தரை ஆம்பியர் வருகிறது. சின்ன பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு பாக்ஸ் என்று போட்டால் பிளக் பின் உருகும். பொறி மேலே பறக்கும்போது எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். கீழே பாக்ஸில் புகை வருவது யார் கண்ணிலும் படாது.

சரியான வழி: 16 ஆம்பியர் பாயின்ட் அல்லது ஜெனரேட்டர் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து தனி லைன். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் காப்பர் கேபிள். தூரம் அதிகமானால் அதைவிடத் தடிமன். டிரம்மில் சுற்றிய கேபிளை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே லோடு கொடுத்தால் உள்சுற்று சூடாகி இன்சுலேஷன் இளகிவிடும். மின்கசிவு வந்தால் லைனைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம்.

சில நேரம் இயந்திரத்தை ஆன் செய்ததுமே ஆர்சிசிபி விழும். கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். ஹீட்டருக்குள் ஈரம் ஏறி மின்கசிவு ஏற்பட்டிருக்கும். உடனே யாராவது ஒரு அண்ணாச்சி "எர்த்த கட் பண்ணிவிடு, ஓடும்" என்பார். ஓடும்தான். ஆனால் அப்போது இயந்திரத்தின் இரும்பு உடம்பிலேயே மின்சாரம் இருக்கும், அதை நகர்த்தப் போகும் பையன் வெறுங்காலோடு நிற்பான். எர்த்தைக் கழற்றாதீர்கள். அந்த இயந்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றை ஓட்டுங்கள்.

ஹீட்டர் சூடாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். லைனில் வோல்டேஜ் இறங்கியிருந்தால் இன்னும் கூடும். "இப்பவே விடுங்க" என்று மைக்கில் அறிவிப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

3. டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதில் மைக் கேபிள் போட்டால் போதுமா? முனை ஒரே மாதிரிதானே இருக்கிறது?

டிஎம்எக்ஸ் என்பது லைட்டுக்கும் இயந்திரத்துக்கும் தூரத்திலிருந்து கட்டளை அனுப்பும் முறை. முனை ஒன்றுதான், உள்ளே கம்பி வேறு. டிஎம்எக்ஸ் கேபிளின் மின்தன்மை 120 ஓம் அளவில் இருக்க வேண்டும். மைக் கேபிள் அதற்காகச் செய்ததல்ல. பத்தடிக்கு வேலை செய்யும், நூறடியில் இயந்திரம் தானாகத் துடிக்கும். வரிசையில் கடைசி இயந்திரத்தில் 120 ஓம் டெர்மினேட்டர் மாட்டுங்கள். சின்ன விஷயம், பாதிக் குழப்பம் அதோடு தீரும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1986இல் வந்த டிஎம்எக்ஸ் முறை லைட் மங்கவும் ஒளிரவும் உருவானது. அனுப்பிய தகவல் வழியில் கெட்டதா என்று சரிபார்க்கும் வசதி அதில் கிடையாது. லைட் ஒரு நொடி தவறாக மின்னினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவேதான் வெடிமருந்து போன்ற ஆபத்தான பொருட்களை இயக்க அது ஏற்றதல்ல என்று அந்தத் தரநிலையே எச்சரிக்கிறது. ஸ்பார்க் இயந்திரத்துக்கும் நாங்கள் டிஎம்எக்ஸை மட்டும் நம்புவதில்லை. மின்லைனில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மெயின் சுவிட்ச் இருக்கும். நேரம் வரும்போதுதான் அதைப் போடுவோம்.

4. சிவகாசி புஸ்வாணமே மலிவாகக் கிடைக்கிறதே, அதை மேடையில் வைத்தால் என்ன?

புஸ்வாணம் வீட்டு முற்றத்துக்கானது. எவ்வளவு உயரம் எழும்பும், எத்தனை நொடி எரியும் என்று டப்பாவுக்கு டப்பா மாறும். சில நேரம் நடுவில் வெடிக்கவும் செய்யும். புகை வேறு. மேடைக்கென்று வெடிமருந்து அடைத்துச் செய்த பொறிக்குழாயில் உயரம், நேரம், பொறி விழும் வட்டம் எல்லாம் எழுதியிருக்கும்; அந்த எண்ணை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போட முடியும்.

மேடைக்கான பொறிக்குழாயே இடம் மாறினால் கொல்லும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு கேளிக்கை விடுதி மேடையில் இப்படிப்பட்ட குழாய்களைக் கொளுத்தினார்கள். பின்சுவரில் சத்தம் அடக்க ஒட்டியிருந்த ஃபோம் பற்றிக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து பிரேசிலின் சாண்டா மரியா நகரில், வெளியே மட்டும் பயன்படுத்த வேண்டிய பொறியை உள்ளே கொளுத்தியதில் 242 பேர் போனார்கள். 2023 செப்டம்பரில் ஈராக்கின் கராகோஷ் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொறி மேல் அலங்காரத்தில் பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று இடத்திலும் ஆளைக் கொன்றது பொறி அல்ல, அது தொட்ட சுவரும் கூரையும்தான். நம் மண்டபங்களின் தெர்மோகோல் சீலிங்கையும் பிளாஸ்டிக் பூக்களையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

5. எங்கள் ஊரில் இன்ஜினியரிங் படித்த பையன்கள் இருக்கிறார்கள். ரிலே போர்டும் ரிமோட்டும் வைத்து, பொறிக்குழாயை மின்சாரத்தில் பற்றவைக்கும் பயரிங் பாக்ஸ் நாங்களே செய்தால் என்ன?

செய்யத் தெரியாது என்று சொல்லவில்லை. மூலைக்கொரு காலேஜ் இருக்கும் மாவட்டம் இது. ஆனால் வெடிமருந்துக்கு அதைச் செய்யாதீர்கள், எங்களிடம் வரைபடமும் கேட்காதீர்கள்.

பட்டனை அழுத்தினால் பற்றவைப்பது யாருக்கும் வரும். அழுத்தாதபோது பற்றவே கூடாது என்பதுதான் கஷ்டம், முழு உழைப்பும் அங்கேதான் போகிறது. மலிவான ரிலேயின் உள்முனை சில தடவைக்குப் பிறகு ஒட்டிக்கொள்ளும். வெளியே ஆஃப் என்று காட்டும், உள்ளே ஆன். கடையில் கிடைக்கும் ரிமோட் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பக்கத்து வீட்டு கேட், கார், காலிங்பெல் எல்லாம் அதே அலைவரிசையில்தான். மின்சாரம் போய்த் திரும்பி வரும் நொடியில் மைக்ரோகன்ட்ரோலரின் முனைகள் எந்த நிலையில் இருக்கும் என்று நிரல் எழுதியவருக்கே நிச்சயமிருக்காது. நம் ஊரில் விழா நேரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுவது சர்வ சாதாரணம். அந்த நொடியில் ஒருவர் குழாய்ப் பக்கம் குனிந்திருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. 1884ஆம் வருட வெடிபொருள் சட்டமும் 2008ஆம் வருட விதிகளும் வெடிபொருளை வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உரிமம் கேட்கின்றன. அனுமதி இல்லாமல் செய்து விபத்து என்றால் அந்தப் பையனையும் தேடுவார்கள், கமிட்டித் தலைவரையும் தேடுவார்கள்.

பையன்களுக்குக் கை அரிக்கிறது என்றால் அதே அறிவை லைட்டுக்கும் புகை இயந்திரத்துக்கும், காகிதப்பூ தூவும் ஊதிக்கும் காட்டட்டும். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பாட்டுக்கு ஏற்ப மின்னவைப்பதில் நம் பையன்களை அடிக்க ஆளில்லை.

6. அப்படியென்றால் உரிமம் உள்ள குழுவை அழைக்கிறோம். அவர்கள் கொண்டுவரும் பாக்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் தொட வேண்டாம், கேளுங்கள். முதலில் சாவி. சாவி போடாமல் பாக்ஸ் எந்தக் குழாயையும் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சாவி, மேடையில் குழாய் பொருத்தும் ஆளின் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வேலை முடித்து அவரே வந்து சாவியைக் கொடுத்தால்தான் பாக்ஸுக்கு உயிர் வரும். இந்த ஒரு பழக்கம் உள்ள குழுவா என்று பார்த்தாலே மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம், தயார்நிலைக்கு ஒரு சுவிட்ச், பற்றவைக்க இன்னொன்று என்று இரண்டு படி இருக்கிறதா? இணைப்பு சரியா என்று சோதிக்கும் வசதி பாக்ஸிலேயே உள்ளதா? அந்தச் சோதனை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நடக்கும். ஆனாலும் அதைச் செய்யும்போது குழாய் அருகே ஒருவரும் நிற்கக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தால், அந்தக் குழுவை அனுப்பிவிடுங்கள். நேராக 230 வோல்ட் லைனிலிருந்து வயர் இழுத்தாலும் அதே பதில்தான்.

7. பட்டன் யார் கையில் இருக்க வேண்டும்?

மேடை முழுவதும் கண்ணில் தெரியும் ஆளிடம். பந்தலுக்குப் பின்னால் சவுண்ட் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாட்டு வரியை வைத்து அழுத்துவது தவறு. நம் விழாக்களில் பொன்னாடை போர்த்த, நினைவுப்பரிசு கொடுக்க, போட்டோ எடுக்க என்று யார் எப்போது மேடையேறுவார்கள் என்பதைக் கடவுள்தான் அறிவார். வில்லுப்பாட்டு நடுவே குழந்தைகள் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்துவிடும். எந்தப் பாட்டானாலும், எந்த வி.ஐ.பி. ஆனாலும், "இல்லை" என்று கையை எடுத்துவிடும் உரிமை அந்த ஆளுக்கு மட்டும்தான். கமிட்டிச் செயலாளர் திட்டினாலும் சரி. அவசரம் என்றால் நிகழ்ச்சியில் பொறி வராமலே போகட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாக்ஸ் இருக்கும் மேஜையில் மிக்சர் பொட்டலம், டீ கிளாஸ், பூமாலை எதுவும் வேண்டாம்.

8. கூட்டத்துக்கும் பொறிக்கும் எத்தனை அடி இடைவெளி?

அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1126ஆம் எண் தரநிலை சொல்வது: குறைந்தது 15 அடி, அல்லது பொறி விழும் வட்டத்தின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. இது வெடிமருந்துப் பொறிக்கு. ஸ்பார்க் இயந்திரத்துக்கு அதன் கையேட்டில் உள்ள தூரம். கையேடு இல்லாமல் வாடகைக்கு வந்தால், நாங்கள் இந்த 15 அடியையே எடுத்துக்கொள்கிறோம். முன்வரிசையில் பெரியவர்களுக்கு சோபா போடும் வழக்கம் இருக்கிறதே, அதையும் அளந்து பாருங்கள். மேடையை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள்.

மேலேயும் தூரம் உண்டு. தாழ்ந்த கூரையுள்ள ஆடிட்டோரியத்தில் பொறி உயரத்தைக் குறைத்துவையுங்கள், அல்லது வைக்காதீர்கள்.

9. ஓலைப் பந்தல், குடில், இவற்றுக்குப் பக்கத்தில்?

வேண்டாம். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் குழந்தை இயேசு பிறப்பின் போது குடிலிலிருந்து பொறி வர வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். வைக்கோல், காய்ந்த புல், தெர்மோகோல் மலை, பஞ்சு, நடுவே சீரியல் லைட். இதில் பொறி எதற்கு? தெர்மோகோல் தீப்பிடித்தால் எரிந்துகொண்டே சொட்டும், கறுப்புப் புகை கோவில் முழுக்க நிறையும். கதவு இரண்டுதான், கூட்டம் முழுக்கோவில். வெள்ளை லைட்டும் கொஞ்சம் புகையும் மணியும் போதும். பங்குத்தந்தையிடம் எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

தற்காலிகப் பந்தல்களில் தீத்தடுப்புக்கு ஐஎஸ் 8758 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. பந்தல்காரரிடம் கேட்டால் சிரிப்பார். பரவாயில்லை, கேளுங்கள். மேடைக்குப் பின்னால் தொங்கும் சாட்டின் துணியை மட்டுமாவது இயந்திரத்திலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

10. அனுமதி எங்கே வாங்க வேண்டும்?

வாணவேடிக்கை, வெடி என்றால் மாவட்ட நிர்வாகம், காவல் துறை, தீயணைப்புத் துறை. விழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் வெடிக்குத் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கதினா வெடி நேர்ச்சைக்குப் பழகிய கோவில்களில் "காலங்காலமா நடக்குது" என்பார்கள். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோவிலில் நடந்ததும் காலங்காலமாக நடந்த வெடிக்கெட்டு (வாணவேடிக்கை)தான். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபரில் கேரளாவின் நீலேஸ்வரத்தில் கோவில் தெய்யம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, சேர்த்துவைத்திருந்த பட்டாசில் பொறி விழுந்து 150க்கு மேற்பட்டோர் காயம்பட்டார்கள். கொளுத்தும் இடமும் சேர்த்துவைக்கும் இடமும் பக்கத்தில் இருந்தால் இதுதான் கதி.

ஸ்பார்க் இயந்திரத்துக்கு வெடிமருந்து இல்லை. ஆனாலும் மண்டப உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தற்காலிக மின் இணைப்பு எடுத்தால் ஈபி அலுவலகத்தில் விண்ணப்பம், லைசென்ஸ் உள்ள வயர்மேன் இரண்டும் தேவை.

இன்னொன்று: சிவகாசிப் பட்டாசை ரயிலில் பையில் போட்டுக்கொண்டு வருவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். பஸ் பார்சலும் வேண்டாம்.

11. ஒரு குழாய் பற்றவில்லை. என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். குழுவின் ஆள் சாவியை எடுத்து வயரைப் பாக்ஸிலிருந்து கழற்றட்டும். குறைந்தது 30 நிமிடம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது, காலால் தட்டுவது, மறுபடி பற்றவைப்பது மூன்றும் விரலும் கண்ணும் போகும் வழிகள். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் கலையும்போது பையன்கள் மேடையேறிப் பொறுக்க வருவார்கள். அதற்காகவே ஒருவரைக் காவல் வையுங்கள்.

12. மழை, இடி, கடல்காற்று?

நமக்கு இரண்டு பருவமழை. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மேற்குமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், வெடிமருந்து பொருத்திய மேடையிலிருந்து எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மின்னல் நேரே விழ வேண்டியதில்லை; நீண்ட வயரில் பக்கத்து மின்னல் தூண்டும் மின்னோட்டமே குழாய் பற்றிக்கொள்ளப் போதும். முதல் இடிச்சத்தத்துக்கே வேலையை நிறுத்தும் குழுதான் நல்ல குழு.

கடற்கரைத் திருவிழாக்களில் எதிரி உப்பு. பத்து நாள் திருவிழாவில் முதல் நாள் பளபளத்த இணைப்பு முனை, எட்டாம் நாள் பச்சைப்படலம் பிடித்திருக்கும். அதைக் கத்தியால் சுரண்டாமல் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். இரவில் இயந்திரத்தைப் பந்தலிலேயே தார்ப்பாய் மூடி விட்டுவிட்டுப் போகாதீர்கள்; உள்ளே வியர்த்துவிடும்.

13. தீயணைக்க வாளித்தண்ணீர் போதுமா?

துணிக்கும் ஓலைக்கும் போதும். மின்சாரம் ஓடும் பொருளுக்குக் கூடாது. ஸ்பார்க் துகள் எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அந்த உலோகங்கள் எரியும் சூட்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். மின்லைனை நிறுத்திவிட்டு உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். மணல் உலர்ந்திருக்க வேண்டும், கடற்கரையிலிருந்து அள்ளிவந்த ஈரமணல் அல்ல. மேடையின் இரு பக்கமும் ஒவ்வொரு வாளி.

தீக்காயத்துக்குக் குழாய்த்தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் வேண்டாம். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எதற்கும் 112.

14. மீந்த துகளை என்ன செய்வது?

உறையை இறுக்கி மூடி, உலர்ந்த இடத்தில், குழந்தைகள் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரம் ஏறிய துகள் கட்டிபிடித்து இயந்திரத்தை அடைக்கும், அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். இயந்திரத்துக்குள் கிடப்பதையும் முழுக்கக் காலிசெய்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். மேடையில் சிந்தியதை மற்ற குப்பையோடு கூட்டாமல் தனியாக அள்ளுங்கள். விழா முடிந்த காலையில் பந்தல் குப்பையை ஒரு மூலையில் போட்டுக் கொளுத்தும் வழக்கம் நம் எல்லா ஊரிலும் இருக்கிறது.